சைக்கிள் ஷூ வாங்குமுன்: தரையில் எத்தனை தடவை கால் வைக்கிறீர்கள்?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் உஷாகா பக்கம் ஆரம்பித்து, புளூ லகூன் வரை மிதித்து, திரும்பும்போது உம்கேனி ரோடு கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் நாலைந்து பேருக்கு வழக்கம். அன்று புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தான். இரவு பெய்த மழையில் தரை ஈரம். வலது கால் சர்ரென்று வழுக்கியது. பக்கத்தில் நின்ற அக்கா முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் முட்டி பெயர்ந்திருக்கும்.

ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காட்டினான். வெள்ளை நிறம், கார்பன் சோல், பக்கவாட்டில் திருகுகிற டயல் இரண்டு. அடியில், முன்பாதத்துக்கு நேர் கீழே, முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் கட்டை துருத்திக்கொண்டிருந்தது. காலுறையை உருவியபோது சுண்டுவிரல் ஓரம் சிவந்து தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, வாங்கி மூணு வாரம்தான் ஆகுது. கடையில இதான் பெஸ்ட்னு சொன்னாங்க. திருப்பிக் கொடுத்துடலாமா?"

வாசலில் வைத்து நான் சொன்னது கொஞ்சம்தான். அப்புறம் அந்த வாரம் முழுக்க போனில் பேசினோம். பேசியதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் ரோடு சைக்கிள் வாங்கும் நம் ஆட்கள் பலர் இதே இடத்தில்தான் காசையும் தொலைத்துக் காலையும் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

ஷூவைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது "நைலானா, கார்பனா?" என்றுதான். என் கணக்கில் அது கடைசிக் கேள்வி. ஒரு சவாரியில் எத்தனை தடவை தரையில் கால் வைப்பீர்கள் என்பது முதல் கேள்வி. உங்கள் பாதம் எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மீதியைக் கடையில் நின்றே முடிவு செய்துவிடலாம்.

பூட்டு இரண்டு விதமாக வந்த கதை

முன்பெல்லாம் பந்தயக்காரர்கள் பெடல் மேல் ஒரு கூண்டு மாட்டி, அதற்குள் முன்காலை நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குப் பெயர்தான் கிளிப். 1984இல் லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், பனிச்சறுக்குப் பூட்ஸுக்குத் தான் செய்துவந்த பூட்டின் யோசனையை சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். கூண்டு போய்விட்டதால் இதற்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர் வந்தது. கால் என்னவோ முன்னைவிட உறுதியாகப் பூட்டிக்கொள்கிறது, பெயர்தான் புதிதாக வருகிறவர்களைக் குழப்பிவிடுகிறது. ஷூவின் அடியில் திருகி மாட்டும் கட்டைக்கு கிளீட் என்று பெயர். அதுதான் பெடலில் போய்ப் பூட்டிக்கொள்கிறது.

1990இல் ஷிமானோ எஸ்பிடி என்ற சின்ன உலோக கிளீட்டைக் கொண்டுவந்தது. அது மலைப்பாதை சைக்கிளுக்காகச் செய்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர் சேற்றில் இறங்கிச் சைக்கிளைத் தள்ள வேண்டும், பாறையில் ஏற வேண்டும். அதனால் கிளீட் சோலின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும், சுற்றிலும் உள்ள ரப்பர்தான் தரையைத் தொடும். பந்தய ரோடு சைக்கிள்காரர் ஏறினால் இறங்குவது முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான். அவருடைய ஷூவில் பெரிய பிளாஸ்டிக் கிளீட் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது அவருக்குத் தொந்தரவே இல்லை.

உலோக கிளீட்டை இரண்டு போல்ட் பிடித்திருக்கும், பிளாஸ்டிக் கிளீட்டை மூன்று போல்ட். கடையில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டாலே புரிந்துகொள்வார்கள். ஷூவைத் திருப்பிச் சோலில் உள்ள ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். சில ஷூக்களில் இரண்டு வகைக்கும் ஓட்டை இருக்கும், பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான். பெட்டியில் ஷூ மட்டும்தான் வரும், கிளீட் பெடலோடு வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டால் பெடல் வாங்கும்போது கை கடிக்கும்.

பூட்டே வேண்டாம் என்பவர்களுக்கு

எங்கள் குழுவில் உள்ள அக்கா பூட்டும் பெடல் பக்கமே போகவில்லை. அவர் முடிவு சரி என்றுதான் நான் சொல்வேன். வாரத்தில் மூன்று நாள் கடற்கரை நடைபாதையில் ஓட்டுகிறார். குழந்தைகள் குறுக்கே ஓடும், ஸ்கேட்போர்டு பையன்கள் வளைந்து வளைந்து வருவார்கள், மணிகளும் கொம்புகளும் வைத்த ரிக்‌ஷாக்காரர் சுற்றுலாப் பயணிகளோடு படம் எடுக்க நின்றுகொண்டிருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கால் ஊன்ற வேண்டிய இடம் அது. அக்காவிடம் இருப்பது கொஞ்சம் கெட்டியான தட்டை சோல் ஷூவும், மேலே சின்னச் சின்ன ஊசி முனைகள் உள்ள அகலமான பெடலும். ஈரத்திலும் கால் நழுவாது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2016இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஓட்ட ஷூவும் தட்டைப் பெடலும், கூண்டு வைத்த பெடல், சைக்கிள் ஷூவும் பூட்டும் பெடலும் என மூன்றையும் மாற்றி மாற்றி மிதிக்கச் சொல்லி, உடல் செலவழிக்கும் சக்தியை அளந்தார்கள். நிதானமாக மிதிக்கும்போது மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கும்போதும், வேகமாகச் சுற்றும்போதும் பூட்டு கைகொடுக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் காற்று வாங்கப் போகிறவர் அதற்காகச் செலவு செய்யத் தேவையில்லை. ஆனால் வளைந்து கொடுக்கும் மெத்து மெத்தென்ற ஓட்ட ஷூவைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் பெடலின் விளிம்பு உள்ளங்காலில் உறைக்க ஆரம்பிக்கும்.

இரண்டு போல்ட்டா, மூன்று போல்ட்டா

நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

நான் மூன்று போல்ட்டில் நான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன். அதன் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். கிளீட் அகலமாக இருப்பதால் மிதிக்கும் அழுத்தம் முன்பாதம் முழுக்கப் பரவும். ஷூவும் பெடலும் ஒரே துண்டாகச் செய்த மாதிரி இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் அமஷோவா சைக்கிள் பந்தயம் ஓட்டும்போது, இஞ்சாங்கா ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கையில், காலடியில் துளி ஆட்டம் இருக்காது. எடையும் குறைவு.

சரி, இப்போது மற்ற பக்கம். பெடலில் ஒரு முகத்தில் மட்டும்தான் பூட்டு இருக்கும். பெடலின் பின்பக்கம் கனமாக இருப்பதால் அது தொங்கி நிற்கும், நாம் கால்விரலால் அதன் முன்மூக்கைத் தேடிப் பிடித்து மிதிக்க வேண்டும். பழகினால் அரை நொடி வேலை. ஆனால் ரோபோட்டில் பச்சை விழுந்ததும் பின்னால் மினிபஸ் டாக்ஸி ஹாரன் அடிக்கும்போது அந்த அரை நொடி நீண்டுவிடும். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே சிக்னலுக்குப் பேச்சு வழக்கில் ரோபோட் என்றுதான் பெயர்.)

அடுத்தது தேய்மானம். இந்த ஊரிலும் நம்மூர் மாதிரி சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம். நிற்கும்போது இடது கால்தான் நடைமேடை ஓரத்தில் ஊன்றும். என் பழைய கிளீட் ஜோடி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வலது கிளீட் கிட்டத்தட்டப் புதுசு. இடது கிளீட்டின் மூக்கு கத்தியால் சீவின மாதிரி தேய்ந்து, ஓரத்தில் இருந்த மஞ்சள் ரப்பர் காணாமலே போய்விட்டது. நகரத்துக்குள் ஓட்டிய ஒரு வருடம் அந்த ஒரு காலைத் தின்றுவிட்டது. தேய்ந்த கிளீட் எதிர்பாராத நேரத்தில் பூட்டைவிட்டு நழுவும். அதுவும் எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நடக்கும்போது மாட்டிக்கொள்ள ரப்பர் உறை கிடைக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் குனிந்து மாட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு போல்ட் எஸ்பிடியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பெடலின் இரண்டு முகத்திலும் பூட்டு இருப்பதாக வாங்கலாம். எப்படி மிதித்தாலும் க்ளிக் என்று உட்காரும். கிளீட் எஃகு, சோலுக்குள் ஒளிந்திருப்பதால் சீக்கிரம் தேயாது. கோவில் வாசலிலும், சவாரி முடிந்து பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவது) வாங்க வரிசையில் நிற்கும்போதும், கடையின் வழுவழுப்பான டைல்ஸ் தரையிலும் மனுஷன் மாதிரி நடக்கலாம். ஜிம்மில் உள்ள ஸ்பின் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இந்தப் பூட்டுதான்.

குறை என்ன? எடை கொஞ்சம் கூடும். சாதாரண எஸ்பிடி பெடல் ஜோடி ஏறக்குறைய 380 கிராம், நடுத்தர விலையில் மூன்று போல்ட் பெடல் ஜோடி 265 முதல் 310 கிராம். நூறு கிராம் வித்தியாசத்துக்காக நம்மில் யாரும் பரிசு இழக்கப் போவதில்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டிய குறை வேறு ஒன்று: கிளீட் சின்னது, அதனால் மெல்லிய சோல் உள்ள ஷூவில் மூன்று மணி நேரம் தாண்டினால் அழுத்தம் ஒரே இடத்தில் குவியும். கெட்டிச் சோல் உள்ள இரண்டு போல்ட் ஷூவாகப் பார்த்து வாங்கினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் அமஷோவாவை இரண்டு விதத்திலும் ஓட்டியிருக்கிறேன், எஸ்பிடியில் ஓட்டிய வருடம் பாதம் வலித்ததாக ஞாபகமே இல்லை.

ஆக, என் தீர்ப்பு இது. வீட்டிலிருந்து கிளம்பி எம்4 சாலையில் உம்லாங்கா, பலிட்டோ என்று இரண்டு மூன்று மணி நேரம் நிற்காமல் போய் அப்படியே திரும்புகிறவர்கள், குழுவாக வேகமாக ஓட்டுகிறவர்கள், பந்தயத்தில் நேரம் குறைக்க நினைக்கிறவர்கள் மூன்று போல்ட் வாங்குங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள். அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர்கள், வழியில் நாலு இடத்தில் இறங்குகிறவர்கள், முதல் முறை பூட்டும் பெடலுக்கு மாறுகிறவர்கள் இரண்டு போல்ட்டில் ஆரம்பியுங்கள். ரோடு சைக்கிளில் மலைப்பாதைப் பெடலா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நம் பாதம் அகலம்

வழுக்கியது ஒரு நாள் சங்கதி. தம்பியின் சுண்டுவிரல் மூன்று வாரமாக வெந்துகொண்டிருந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் போகும்போது மட்டும் ஷூ, வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிந்துவிடுவோம். அப்படி வளர்ந்த கால்விரல்கள் விரிந்து நிற்கும். இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. முன்பாதம் அகலம், எடை பாதம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது என்று கண்டார்கள். நல்ல பாதம் என்று பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சைக்கிள் ஷூவில் பல, குறிப்பாக இத்தாலியப் பாணி பந்தய ஷூக்கள், முன்பக்கம் குறுகலான அச்சில் செய்தவை. சாதாரண ஷூ நாளாக நாளாக இளகி இடம் கொடுக்கும். சைக்கிள் ஷூவின் சோல் எத்தனை வருடம் ஆனாலும் ஒரு நூல் அகலாது.

அகலம் போதவில்லை என்றதும் எல்லோரும் செய்கிற தவறு, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு 42 சரியான நீளம், விரல் நெருக்குகிறது என்று 43 வாங்கினேன். ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் நீளம் ஏழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும், அகலம் கூடுவது அதைவிட ரொம்பக் குறைவு. விரல் நெருக்கடி கொஞ்சம் தணிந்தது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் மேலே எழும்பியது. அதைத் தடுக்க மேல்பட்டையை இறுக்கினேன். அப்படி இறுக்கியதில் இஞ்சாங்கா பாதி ஏறுவதற்குள் மூன்று விரல் மரத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி ஷூவைக் கழற்றி, புல்லில் கால் வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்கணக்கானவர்கள் கடந்து போனார்கள்.

சரியான வழி, அதே நீளத்தில் அகல வடிவம் தேடுவது. ஷிமானோ சில மாடல்களை 'வைட்' என்று தனியாக விற்கிறது. லேக் நிறுவனம் அகலப் பாதத்துக்கென்றே பல அச்சுகளில் செய்கிறது. பான்ட் (Bont) நிறுவனத்தின் ஷூவை ஓவனில் மிதமாகச் சூடாக்கிக் காலுக்கேற்ப வளைக்கலாம், ஆனால் அதற்கு அவர்கள் சொல்லியிருக்கும் வெப்ப அளவை மீறக் கூடாது. பெண்களுக்கென்று வரும் ஷூக்களில் குதிகால் பக்கம் குறுகலாக இருக்கும். அது பொருந்தினால் நல்லது, பொருந்தவில்லை என்றால் ஆண்கள் ஷூவை வாங்கத் தயங்க வேண்டாம், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று காலுக்குத் தெரியாது.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். சாயங்காலம் செய்யுங்கள், ஏனென்றால் நாள் முழுக்க நடந்து, டர்பன் புழுக்கத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும். சவாரியிலும் அப்படித்தான் இருக்கும். ஓட்டும்போது போடுகிற அதே காலுறையை மாட்டிக்கொண்டு, சுவரில் குதிகாலை ஒட்டி, ஒரு தாளின் மேல் எழுந்து நில்லுங்கள். எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கட்டும். பென்சிலை நேராக நிறுத்தி வேறு யாரையாவது வரையச் சொல்லுங்கள், நாமே குனிந்து வரைந்தால் அளவு மாறும். நீளத்தையும், பெருவிரல் முட்டிக்கும் சுண்டுவிரல் முட்டிக்கும் இடையிலான அகலத்தையும் சென்டிமீட்டரில் குறியுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியே. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். இங்கே கடைகளில் பிரிட்டிஷ் அளவும் ஐரோப்பிய அளவும் கலந்து கிடக்கும், ஒரு நிறுவனத்தின் எட்டு இன்னொன்றில் எட்டாக இருக்காது. சென்டிமீட்டர் மட்டும் ஏமாற்றாது. ஷிமானோ அட்டவணையில் 42 என்பது 26.5 சென்டிமீட்டர் பாதம், 43 என்பது 27.2.

கடையில் ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடமாவது உட்கார்ந்திருங்கள். பெருவிரல் முன்சுவரைத் தொடக் கூடாது, சில மில்லிமீட்டர் இடம் போதும், ஓட்ட ஷூ மாதிரி கட்டைவிரல் அகலம் தேவையில்லை. குதிகாலை இழுத்துப் பார்த்தால் எழும்பக் கூடாது. விரல்களை உள்ளே மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும். சுண்டுவிரல் ஓரம் கடையிலேயே லேசாக உறுத்துகிறது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். "போடப் போடச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சோல், கட்டு, காற்று

கார்பன் சோல் கெட்டி, இலேசு, விலை அதிகம். நைலான் சோல் கொஞ்சம் வளையும், கொஞ்சம் கனம், விலை பாதிக்கும் கீழே கிடைக்கும். கண்ணாடி இழை கலந்த நைலான் நம் மாதிரி ஆட்களுக்குத் தாராளமாகப் போதும். நடக்கிற ஷூ என்றால் துளி வளைவது நல்லதுதான். பெட்டியில் சோலின் கெட்டித்தனத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலில் போடுவது அது, ஒன்றின் 10ஐ இன்னொன்றின் 10ஓடு ஒப்பிட முடியாது. இரண்டாயிரம் ராண்ட் கையில் இருந்தால், குறுகலான கார்பன் ஷூவை விட அகலம் பொருந்திய நைலான் ஷூவுக்குக் கொடுங்கள்.

ஒட்டுப்பட்டையா, கயிறா, டயலா? ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தளர்த்த முடிவது டயலின் வசதி. ஏற்றத்தில் பாதம் வீங்கும்போது அது பெரிய உதவி. ஒட்டுப்பட்டை மலிவு, உடைய ஒன்றும் இல்லை. கயிறு எல்லா இடத்திலும் சமமாக இறுகும், வழியில் சரிசெய்ய இறங்க வேண்டும். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஈரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டர்பனில் கோடையில்தான் மழை, கோடையில்தான் புழுக்கமும். மேல்பாகத்திலும் சோலிலும் காற்றுத் துளை உள்ள ஷூவாகப் பாருங்கள். நனைந்து வந்தால் உள்பாதத் தகட்டை உருவிவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். வெயிலில் காய வைத்தால் பசை விட்டுவிடும். கடல் காற்றில் போல்ட் துருப்பிடித்துக் கிளீட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் மாட்டும்போதே போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். என் நண்பர் ஒருவர் துருவேறிய போல்ட்டைத் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

கிளீட்: நிறத்தை நம்பாதீர்கள்

பெடலில் பூட்டிய பிறகு குதிகால் உள்ளும் வெளியும் கொஞ்சம் அசைய இடம் இருக்கும். அந்த அசைவு முழங்காலைக் காப்பாற்றுகிறது. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு காலுக்கு 5,100 மிதி. சின்னக் கோணல் கூட அத்தனை ஆயிரம் தடவை முட்டியில் போய் விழும்.

ஷிமானோ மூன்று போல்ட் கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி அசையும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. லுக் கியோ கிளீட்டில் சிவப்புதான் அதிகமாக அசைவது, 9 டிகிரி. சாம்பல் நிறம் 4.5, கறுப்பு அசையாது. நண்பர் சிவப்பு வைத்திருக்கிறார், முட்டி வலிக்கவில்லை என்கிறார் என்று கேட்டு, வேறு நிறுவனத்தில் சிவப்பு வாங்கினால் நேர் எதிரான கிளீட் வந்து சேரும். இரண்டும் ஒன்றின் பெடலில் மற்றொன்று பொருந்தாது என்பதும் தனிக் கதை. புதியவர்கள் ஷிமானோ என்றால் மஞ்சளில் ஆரம்பியுங்கள். எஸ்பிடியில் எஸ்எச்56 என்ற வெள்ளி நிறக் கிளீட் பல திசையிலும் விடுபடும், கறுப்பு எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். முதல் இரண்டு மாதத்துக்கு 56 நல்லது.

மாட்டும் முறை: ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலின் அடிமுட்டியையும் சுண்டுவிரலின் அடிமுட்டியையும் வெளியிலிருந்து தடவிப் பார்த்து அந்த இரண்டு இடத்திலும் சின்ன டேப் ஒட்டுங்கள். பெடலின் அச்சு அந்த இரண்டுக்கும் நடுவே விழும்படி கிளீட்டை வையுங்கள். விரல் மரக்கும் ஆட்களுக்கு ஒரு சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் நிம்மதி கிடைக்கும். திசைக்கு, உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக வெளிப்பக்கம் பார்த்தால் கிளீட்டும் ஷூவை அப்படியே நிற்க விட வேண்டும், நேராக்கப் பார்க்காதீர்கள். பெடலில் இறுக்கத்துக்கென்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை முழுக்கத் தளர்த்தி வைத்து ஆரம்பியுங்கள். பெடலைக் கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். ஷூ, பெடல் மாறினால் சோலும் கிளீட்டும் சேர்ந்த தடிமன் மாறும், சீட் உயரத்தையும் ஒரு தடவை அளந்து சரிசெய்யுங்கள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை பூட்டுங்கள், விடுங்கள். ரோபோட் கண்ணில் பட்டவுடனே, நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே இடது காலை விடுவிக்கும் பழக்கம் வர வேண்டும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கு ஓட்டுகிறான், அக்டோபரில் அமஷோவா ஓட்ட ஆசை. தாளில் வரைந்து அளந்தபோது நீளம் 25.9, அகலம் 10.6 சென்டிமீட்டர். வாங்கிய ஷூ 43. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, கிளீட் கீறல் விழுந்துவிட்டது என்றார்கள். எங்கள் குழுவிலேயே ஒல்லிப் பாதம் உள்ள ஒருவர் அந்த கார்பன் ஷூவையும் பெடலையும் நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் தம்பி 41 அகல வடிவத்தில் நைலான் சோல் இரண்டு போல்ட் ஷூவும், இரண்டு முகப் பெடலும், எஸ்எச்56 கிளீட்டும் வாங்கினான். நானும் அவனும் அவன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து மாட்டினோம். நாலு மில்லிமீட்டர் அலன் கீ, கொஞ்சம் கிரீஸ், டேப்.

அடுத்த ஞாயிறும் மழை ஈரம். கோவில் வாசலில் அவன் நடந்து போனதை அக்கா திரும்பிப் பார்த்தார். செருப்பு வைக்கும் இடத்தில் காலுறையை உருவி, சுண்டுவிரலை எங்களுக்குக் காட்டினான். புதுத்தோல் வந்திருந்தது.